வைசூரி ஒழிந்தது, வைதீகம் ஒழியவில்லை

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடக்கூடாது என்பதாக ஒரு கூட்டத்தார் சில காலமாய் நம் நாட்டில் பிரசாரம் செய்து வருகிறார்கள். இவர்கள் பழைய பூசாரிகளைப்போல் உடுக்கையடித்துக்கொண்டும், வேப்பிலை வீசிக்கொண்டும் வருகிறவர்கள் அல்லர். படித்தவர்கள்; நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள்; நாகரிகமாய் உடுப்பவர்கள். "இயற்கை" என்கிறார்கள், "மரபு" என்கிறார்கள், "நம் முன்னோர் என்ன ஊசியா போட்டுக்கொண்டார்கள்?" என்று கேட்கிறார்கள். ஊசி போட்டால் பிள்ளை மலடாகிவிடும், மூளை கெட்டுவிடும், கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான் என்றெல்லாம் பெயர் தெரியாத எவனோ எழுதியதை வாட்ஸப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுகிறார்கள். பூசாரியாவது ஒரு ஊருக்குத்தான் பொய் சொன்னான். இவர்கள் ஒரு நாழிகைக்குள் ஒரு ஜில்லாவுக்கே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

2017ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், தட்டம்மைக்கும் ரூபெல்லா என்னும் நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாக, 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் போடுவதென்று சர்க்கார் ஏற்பாடு செய்தார்கள். நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? வாட்ஸப் புரளியை நம்பிப் பல பெற்றோர் ஊசி போடுகிற நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமலே நிறுத்திக்கொண்டார்கள். குறித்த மாதத்துக்குள் வேலை முடியாமல், கெடுவை நீட்ட வேண்டியதாயிற்று. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாய்ச் சுயமரியாதைப் பிரசாரம் நடந்த நாட்டில் இப்படி நடந்தது என்பதை நாம் வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

ஆகவே இந்த "மரபு"க்காரர்கள் சொல்லுவது புது விஷயமா, அல்லது பழைய வைதீகத்துக்கே புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களா என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். அதற்கு வைசூரியின் கதையைத் தவிர வேறு நல்ல சாட்சி நமக்குக் கிடைக்காது.

வைசூரி என்கிற பெரியம்மை எப்படிப்பட்ட நோய் என்பது இன்றைய வாலிபர்களுக்குத் தெரியாது. நூறு பேருக்கு வந்தால் சுமார் முப்பது பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் முகமெல்லாம் தழும்பாகவும், சிலர் கண்ணிழந்தும் கிடந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் மாத்திரம் உலகத்தில் முப்பது கோடிப் பேரை இது கொன்றிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு கொலைகார நோய்க்கு நம்மவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்! அதற்குப் பெயர் "அம்மா". உடம்பில் சீழ்க் கொப்புளம் வந்தால் "முத்துப் போட்டிருக்கிறது" என்றார்கள். குழந்தை காய்ச்சலில் பிதற்றினால் "தாய் விளையாடுகிறாள்" என்றார்கள். வைத்தியனைக் கூப்பிட்டால் தாய்க்குக் கோபம் வருமென்று கதவில் வேப்பிலையைச் செருகிவிட்டு, உள்ளே உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டுப் பாடினார்கள். பிள்ளை பிழைத்தால் "இறக்கி வைத்தாள்" என்று அம்மனுக்குக் கூழ். செத்தால் "அழைத்துக்கொண்டாள்" என்று அம்மனுக்குக் கும்பிடு. இரண்டிலும் அம்மனுக்கு நஷ்டமில்லை. பெற்றவளுக்குத்தான் நஷ்டம்.

வைசூரி நம் மாரியம்மாள் விளையாட்டு என்றால், 1774ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து அரசனான 15ஆம் லூயியைக் கொன்றது யார்? அவன் எந்த ஊர்க் கூழுக்குப் பாக்கி வைத்திருந்தான்? சமயபுரத்தில் தீச்சட்டி எடுக்கத் தவறியதற்காகவா ஐரோப்பாவிலும், அமெரிக்காவிலும், ஜப்பானிலும் கோடிக்கணக்கான பேர் மாண்டார்கள்? வட நாட்டில் இதையே சீதளை என்றார்கள். கழுதையின்மேல் ஏற்றிக் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஒரே கிருமிக்கு ஊருக்கொரு பெயர், ஊருக்கொரு வாகனம், ஊருக்கொரு பூசாரி! கிருமிக்கு இவையொன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒருவன் மூச்சிலிருந்து இன்னொருவன் மூச்சுக்குப் போவதுதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வைசூரியைத் தடுக்க ஊசிக்கு முன்னால் ஒரு முறை இருந்தது. வைசூரி கண்டவனுடைய கொப்புளத்திலிருந்து கொஞ்சம் சீழை எடுத்து, நோய் வராதவன் தோலைக் கீறி அதில் வைப்பது. நோய் இலேசாக வந்து போய்விடும், மறுபடி வராது. வங்காளத்தில் பார்ப்பனர்கள் இதை ஒரு தொழிலாகவே செய்து வந்ததை ஹால்வெல் என்ற வெள்ளைக்காரர் 1767இல் எழுதியிருக்கிறார். சீனத்திலும், துருக்கியிலும், ஆப்பிரிக்காவிலும் இருந்தது. இதை நாம் மறைக்கவில்லை. மனிதன் எங்கே இருந்தாலும் கண்ணால் கண்டதிலிருந்து புத்தியை உபயோகித்திருக்கிறான் என்பதற்கு இது சாட்சி. ஆனால் வைத்தது நிஜ வைசூரியேயானதால், வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவர் செத்தார்கள். அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கும் நோய் பரவியது. 1796ஆம் வருஷம் மே மாதம் 14ந் தேதி, இங்கிலாந்தில் பெர்க்லி என்ற சிற்றூரில் ஜென்னர் என்கிற வைத்தியர், வைசூரிக்குப் பதிலாகப் பசுவுக்கு வரும் இலேசான அம்மையின் பாலை ஒரு பால்காரப் பெண்ணின் கையிலிருந்து எடுத்து, எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் குத்தினார். பிறகு அவனுக்கே வைசூரிச் சீழையும் வைத்துப் பார்த்தார், நோய் வரவில்லை. (இன்றைக்கு ஒருவன் அயலான் பிள்ளைமேல் இப்படிச் சோதனை செய்தால் ஜெயிலுக்குத்தான் போவான், போகவும் வேண்டும்.) பால் கறக்கிறவர்களுக்கு வைசூரி வருவதில்லை என்பது அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் பேசிக்கொண்ட பேச்சு. ஜென்னர் அதைக் கேட்டு, சோதித்து, கணக்கு எழுதி, 1798இல் அச்சிட்டார். பேச்சைச் சாஸ்திரமாக்காமல் சோதனைக்கு உட்படுத்தினாரே, அங்கேதான் வித்தியாசம்.

நான்கே வருஷத்தில் அந்தப் பால் இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கொண்டுவந்து, 1802ஆம் வருஷம் ஜூன் 14ந் தேதி பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் குத்தினார்கள். அந்தப் பிள்ளையின் கையிலிருந்துதான் இந்தியா முழுவதற்கும் அது பரவிற்று. சென்னைக்கும் அப்படித்தான் வந்தது.

வந்தவுடன் நம்முடைய வைதீகர்கள் அதை எப்படி வரவேற்றார்கள் தெரியுமா? கைக்குக் கை குத்துவதென்றால், குத்திய ஒரு குழந்தையின் கையில் எழும்பும் கொப்புளத்திலிருந்து பாலை எடுத்துத்தான் அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும். அந்த முதல் குழந்தை எந்த ஜாதி? அதுதான் கேள்வி! கீழ் ஜாதி என்று சொல்லப்பட்டவன் பிள்ளை கையிலிருந்து எடுத்த பால் மேல் ஜாதிக்காரன் பிள்ளை உடம்பில் ஏறலாமா என்று ஆக்ஷேபித்தார்கள். ஒருவன் உடம்பில் ஊறியது இன்னொருவன் உடம்பைக் காப்பாற்றுகிறது என்றால், இருவருக்கும் உடம்பு ஒன்றுதான் என்று ஒரு குழந்தைக்கும் விளங்கும். விளங்கிவிடக்கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. பிள்ளை செத்தாலும் சாகட்டும், ஜாதி பிழைத்தால் போதும்! பிறகு கன்றுக்குட்டியின் தோலில் பாலை வளர்த்தெடுக்கும் முறை வந்தது. கிண்டியில் 1899இல் ஏற்பட்ட ஸ்தாபனம், கிங் என்ற சுகாதார அதிகாரியின் பெயரால் விளங்குவது, இந்த மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரித்துக் கொடுத்தது. ஜாதித் தொல்லை தீர்ந்ததென்றால், அடுத்த ஆக்ஷேபணை தயாராய் இருந்தது. கோமாதாவின் உடம்பைக் கீறலாமா? கோமாதாவின் மூத்திரம் வாய்க்குள் போகலாம். அதன் கொப்புளத்துப் பால் கைக்குள் போகக்கூடாது!

எல்லிஸ் துரையின் சங்கதி இதைவிட வேடிக்கையானது. சென்னையில் கலெக்டராய் இருந்தவர், குறளை மொழிபெயர்த்தவர், நம் மொழிகள் சமஸ்கிருதத்துக்குப் பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று 1816இலேயே எடுத்துக்காட்டியவர், எல்லீசன் என்று புலவர்கள் கொண்டாடுகிறவர் அவர்தான். அம்மை குத்திக்கொள்ள ஜனங்கள் அஞ்சுவதைக் கண்ட இவர் என்ன செய்தாராம்? சமஸ்கிருதத்தில் தாமே சில சுலோகங்களைக் கட்டி, பழைய காகிதத்தில் எழுதச் செய்து, எங்கேயோ அகப்பட்ட பழைய நூல் என்று சொல்லும்படி செய்தாராம். பசுவினிடமிருந்து வரும் மருந்து பழைய சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால் பார்ப்பனர்கள் ஒப்புக்கொள்ளுவார்கள் என்பது அவர் யுக்தி. இதை அக்காலத்து ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1819இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில், தன்வந்திரி செய்த நூலிலேயே பசு அம்மைப்பால் குத்தும் முறை சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒரு கடிதமும் வந்தது. அதை நம்பி ஐரோப்பியப் புத்தகங்களிலும் ஏற்றினார்கள். பின்னால் ஏடுகளைத் தேடிப் பார்த்த ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி ஒரு பழைய நூலைக் காணவில்லை.

எல்லிஸின் எண்ணம் நல்ல எண்ணந்தான். ஆனால் அவர் செய்த காரியத்தை நாம் ஒப்பவில்லை. ஒரு நல்ல காரியத்தைச் செய்விக்க ஒரு பொய்ச் சாஸ்திரத்தை உண்டாக்கினால், காரியம் ஒரு நாளில் முடிந்துபோகும், சாஸ்திரம் நின்றுவிடும். அப்படியேதான் நின்றது. இன்றைக்கும், "வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பதற்கு முன்பே நம் ரிஷிகள் அம்மை குத்தினார்கள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிஷிகளுக்குத் தெரிந்திருந்தது உண்மையானால் ஏன் ஆயிரக்கணக்கான வருஷமாய் நம் பிள்ளைகளைச் சாகவிட்டுத் தாலாட்டுப் பாடச் சொன்னார்கள் என்பதற்கு மாத்திரம் இவர்களிடம் பதில் கிடையாது. ஒரே வாயால் "ஊசி நம்முடையது" என்பார்கள். அதே வாயால் "ஊசி அந்நியம், போடாதே" என்பார்கள்.

மகாத்மா என்று கொண்டாடப்பட்ட காந்தியாரும், 1913இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது எழுதிய தேக சுகக் கட்டுரைகளில் அம்மை குத்துவதை அநாகரிகம், அசுத்தம் என்று கண்டித்தார். மகாத்மா சொல்லுகிறாரே என்பதற்காக வைசூரி ஒதுங்கிப் போய்விடவில்லை.

நிற்க, வைசூரி எப்படித்தான் போயிற்று? 1967இல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் அதை உலகத்திலிருந்தே ஒழிப்பதென்று தீவிரமாய்ப் புறப்பட்டார்கள். 1974ஆம் வருஷத்தில்கூட இந்தியாவில் 1,80,000 பேருக்கு மேல் வைசூரி கண்டது. பீகாரிலும், ஒரிசாவிலும், மேற்கு வங்காளத்திலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் சுகாதார ஊழியர்கள் கையில் வைசூரி கண்ட குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு, வீடு வீடாய்ப் போய், "இப்படி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். தகவல் சொன்னவனுக்குப் பணப் பரிசு கொடுத்தார்கள். ஒருவனுக்கு நோய் கண்டால் அவனைச் சுற்றியிருந்த வீடுகளுக்கெல்லாம் உடனே குத்தினார்கள். 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் வரவில்லை. 1977 அக்டோபரில் சோமாலியா தேசத்தில் ஒருவருக்கு வந்ததே இயற்கையாய் வந்த கடைசி வைசூரி. 1980 மே 8ந் தேதி உலகத்தில் வைசூரி இல்லை என்று பிரகடனம் செய்தார்கள்.

ஆயிரக்கணக்கான வருஷம் கூழ் ஊற்றிப் போகாத தாய், பத்து வருஷத்து ஊசிக்குப் போய்விட்டாள்! இன்றைக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்றால், சமயபுரத்திலும் இல்லை, இருக்கன்குடியிலும் இல்லை. அமெரிக்காவில் அட்லாண்டாவிலும், ருஷ்யாவில் கோல்ட்சோவோவிலும் இரண்டே இரண்டு ஆராய்ச்சிச் சாலைகளில், உறைபனிப் பெட்டிக்குள், பூட்டும் காவலும் போட்டு வைக்கப்பட்டிருக்கிறாள். கோயிலிலே தீச்சட்டி எடுக்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். நோய் போய்விட்டது, நோய்க்காக ஏற்பட்ட உண்டியல் மாத்திரம் போகவில்லை.

உண்டியலோடு நின்றால் நமக்கு இவ்வளவு எழுத வேண்டிய அவசியமில்லை. வைசூரி போன பிறகு, அதன் பட்டத்தைத் தட்டம்மைக்குக் கொடுத்துவிட்டார்கள். இதுதான் இன்றைக்கு ஆபத்தான விஷயம். குழந்தைக்குக் காய்ச்சலும், சளியும், கண் சிவப்பும் வந்து, மேலெல்லாம் சிவப்பாய்த் தடித்தால், "அம்மன் வந்திருக்கிறாள்" என்று இன்றைக்கும் வேப்பிலை கட்டுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூடாது என்கிறார்கள். பத்தியம் என்று நல்ல ஆகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். தட்டம்மை வந்த குழந்தையைப் பட்டினி போடுவது போன்ற கொடுமை வேறில்லை. அந்த நோய் குழந்தையின் உடம்பிலுள்ள ஏ வைட்டமினைத் தின்றுவிடுகிறது. அதனால் கண் போகிறது. அதற்காகத்தான் டாக்டர்கள் அந்த வைட்டமினைக் கொடுக்கிறார்கள். கண் போவது அம்மன் கோபத்தாலல்ல. அம்மனுக்குப் பயந்து போட்ட பட்டினியாலும், போடாத ஊசியாலும். நுரையீரலில் சளி கட்டியும், வயிற்றுப்போக்காலும், மூளை வீங்கியும் சாகிற குழந்தைகள் எத்தனையோ. ஊசி கண்டுபிடிக்கப்பட்ட 1963க்கு முன் உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் செத்தார்கள். 2023இலும் ஒரு லட்சத்துக்கு மேல் செத்ததாகக் கணக்கு; பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட, ஊசி போடாத குழந்தைகள்.

"நோய் ஒரு தடவை வந்து போனால் உடம்புக்கு நல்ல பலம்" என்பது மரபுக்காரர்களின் பெரிய வாதம். தட்டம்மை விஷயத்தில் இது நேர் தலைகீழ். அந்தக் கிருமி, மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு முன்பே சேர்த்து வைத்திருக்கிற எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அழித்துவிடுகிறது என்று 2019இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வீட்டுக்குள் வந்த திருடன் களஞ்சியத்தையும் காலி செய்துவிட்டுப் போவதற்குப் பெயர் பலமா?

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பசிபிக் சமுத்திரத்தில் சமோவா என்று ஒரு சிறிய தீவு தேசம். ஜனத்தொகை இரண்டு லட்சந்தான். 2018இல் அங்கே இரண்டு குழந்தைகள் தட்டம்மை ஊசி போட்டவுடன் இறந்துபோயின. காரணம் ஊசி மருந்தல்ல. அதைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாகத் தாதிகள் வேறொரு மருந்தைத் தவறாய்க் கலந்துவிட்டார்கள். கலந்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் ஊசியே சில மாதம் நிறுத்தப்பட்டது, புரளிக்காரர்கள் புகுந்துகொண்டார்கள், பெற்றோர் பயந்துபோனார்கள். ஊசி போட்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அப்போதும் மந்திரத் தண்ணீர் தெளித்துக் குணப்படுத்துகிறேன் என்று கடை வைத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். கடைசியில் தேசத்தையே இரண்டு நாள் மூடிவிட்டு, ஊசி போடாதவர் இருக்கிற வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டு, வீடு வீடாய்ப் போய்க் குத்தினார்கள். நம் வாசலில் கட்டிய வேப்பிலை "உள்ளே வராதே" என்று வைத்தியனை விரட்டிற்று. அவர்கள் வாசலில் கட்டிய சிவப்புத் துணி "உள்ளே வா" என்று தாதியைக் கூப்பிட்டது. கட்டுகிற துணியிலும் இலையிலும் ஒன்றுமில்லை. கட்டுகிறவன் புத்தியில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏழை நாடு, அறியாத ஜனங்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். தட்டம்மையை ஒழித்துவிட்டோம் என்று 2000இல் சொன்ன அமெரிக்காவில், 2025இல் டெக்ஸாஸ் மாகாணத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோய் கண்டு, ஊசி போடாத இரண்டு குழந்தைகள் செத்தன. பணம் இருந்தால் மூட நம்பிக்கை போய்விடும் என்பதும் ஒரு மூட நம்பிக்கைதான்.

"எங்கள் பாட்டன் ஊசி போடாமலே தொண்ணூறு வயது வாழ்ந்தார்" என்று ஒருவர் நம்மிடம் பெருமையாய்ச் சொன்னார். பாட்டன் பெயர் என்ன என்று கேட்டோம். குப்பன் என்றார். ஏன் குப்பன்? அவருக்குத் தெரியவில்லை. நாம் சொன்னோம்: முன்னே பிறந்த பிள்ளைகள் வரிசையாய்ச் செத்துப்போனதால், இதையாவது எமன் ஏமாந்து விட்டுவிடட்டும் என்று குப்பையிலே போட்டு எடுத்து வைத்த பெயர் அது என்று. நம் நாட்டில் குப்பன், குப்பாயி, பிச்சை, தவிட்டுக்கு விற்று வாங்கிய தவிட்டம்மாள், மூக்குக் குத்தி வைத்த மூக்கன், மூக்காயி என்று எத்தனை லட்சம் பெயர்கள்! தோழர்களே, இந்த ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் மண்ணுக்குள் போன இரண்டு மூன்று குழந்தைகள் இருக்கின்றன. தொண்டை அடைப்பானால் மூச்சு நின்று போனவை. கக்குவான் இருமலில் நீலம் பாரித்துப் போனவை. தொப்புளில் சாணமும் சாம்பலும் வைத்ததால் இரண ஜன்னி கண்டு ஒரு வாரத்திலேயே விறைத்துப் போனவை. ஜோசியன் அதற்குப் பாலாரிஷ்டம் என்று பெயர் வைத்துத் தட்சிணை வாங்கிக்கொண்டான். பிழைத்த பாட்டனைக் கண்டோம். அவனுடைய அண்ணன்மாரையும் அக்காள்மாரையும் கண்டோமா? செத்தவர்கள் வந்து வாட்ஸப்பில் எழுதுவதில்லை.

அந்தப் பாலாரிஷ்டம் இன்று எங்கே? கர்ப்பத்திலிருக்கும்போதே தாய்க்கு ஊசி போட்டு, சுத்தமான கத்தியால் கொடியை அறுத்ததும், பச்சைக் குழந்தைகளின் இரண ஜன்னி ஒழிந்தது என்று இந்தியாவைப்பற்றி 2015இல் உறுதி செய்தார்கள். இளம்பிள்ளை வாதம் 2009இல் 741 பிள்ளைகளுக்கு வந்தது. 2011 ஜனவரி 13ந் தேதி மேற்கு வங்காளத்தில் ஹௌராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததோடு நின்றது. 2014 மார்ச் 27ந் தேதி இந்தியாவில் இல்லை என்று சான்று கொடுத்தார்கள். எந்தக் கிரகம் பெயர்ந்ததனால் இது நடந்தது என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்லட்டும். மதத்தின் தடை இந்து மதத்துக்கு மாத்திரம் சொந்தம் என்று நாம் சொல்லவில்லை. 2003இல் வட நைஜீரியாவில் முல்லாக்கள் சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்று நிறுத்திவைத்ததால், அங்கிருந்து வாத நோய் பல தேசங்களுக்குப் பரவியது. கர்த்தர் காப்பாற்றுவார் என்று ஊசியை மறுக்கிற கிறிஸ்தவக் கூட்டங்களும் மேல் நாட்டில் உண்டு.

ஊசியால் புத்தி மாறாட்டம் வருகிறது என்ற புரளிக்கு மூலம் எது? 1998இல் வேக்பீல்ட் என்ற இங்கிலாந்து டாக்டர், பன்னிரண்டே குழந்தைகளை வைத்துக்கொண்டு எழுதிய ஒரு கட்டுரை. அது நேர்மையற்றதென்று கண்டு, 2010இல் வெளியிட்ட பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருஷம் அவர் டாக்டர் தொழில் செய்யும் உரிமையும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல வருஷம் கவனித்து 2019இல் வெளியிட்ட கணக்கில் அப்படி ஒரு சம்பந்தமே இல்லை. பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டு ஆறரை லட்சத்தை விட்டுவிடுகிறவர்களுக்குக் கணக்கு வராதா, மனசு வராதா?

"டாக்டர்கள் சொல்லுவதை மாத்திரம் அப்படியே நம்ப வேண்டுமோ?" என்றால், வேண்டாம் என்றுதான் சொல்லுவோம். அதற்கு நம் செங்கற்பட்டே சாட்சி. காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. ஊசி உண்மையிலேயே பலிக்கிறதா என்று, 1968இல் தொடங்கி, செங்கற்பட்டு ஜில்லாவில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களிடம் சோதனை நடத்தினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. மூடி மறைத்தார்களா? உலகத்துக்கே அச்சிட்டுச் சொன்னார்கள். பச்சைக் குழந்தைகளின் மூளைக்கு வரும் காசத்தைத் தடுக்கிறது என்பதனால் அதற்காக மாத்திரம் பிறந்தவுடன் போட்டு வருகிறார்கள். தான் தோற்றதைத் தானே கணக்கெழுதி வெளியிடுகிற ஒரு சாஸ்திரத்தை, ஒரு கோயிலை, ஒரு ஜோசியனை எங்கேயாவது காட்டட்டும், பார்ப்போம். ஊசி போட்ட இடம் வீங்கும், காய்ச்சல் வரும், எப்போதோ ஒரு குழந்தைக்கு அதற்கு மேலும் தொல்லை வருவதுண்டு. அதையும் எழுதி வைத்துக் கணக்குப் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

கம்பெனிக்காரனுக்கு லாபம் என்பதும் உண்மையே. அரிசி வியாபாரிக்கும் லாபந்தான். அதற்காகச் சோற்றை நிறுத்துகிறோமா? சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் போடுகிறார்கள். இளம்பிள்ளை வாதத்துக்கு ஊசி கண்டுபிடித்த ஸால்க் என்பவர் அதற்குப் பேட்டண்ட் உரிமைகூட வாங்கிக்கொள்ளவில்லை. லாபத்தைக் குறைக்க வேண்டுமானால், சர்க்காரே சொந்தமாய் அதிகம் தயாரிக்க வேண்டும் என்று கிளர்ச்சி செய்யட்டும். நாமும் கூட வருகிறோம்.

கடைசியாக, "என் பிள்ளை, என் இஷ்டம்" என்கிறார்கள். பிள்ளை ஒருவனுடைய சொத்தல்ல என்பதை விட்டுவிடுவோம். தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, தடுப்பில்லாத கூட்டத்தில் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொத்த வைக்கக்கூடியது. ஊசியோ ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான். அப்படியானால் பக்கத்து வீட்டு ஆறு மாதக் குழந்தையைக் காப்பாற்றுவது எது? சுற்றியிருக்கிற பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது ஊசி போட்டுக்கொண்டிருப்பதுதான். உன் பிள்ளைக்குப் போடாததால் சாகிற பிள்ளை உன்னுடையதாய் இல்லாமலும் போகலாம். தெருவைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரித்தார்கள், சுடுகாட்டைக்கூடப் பிரித்தார்கள். காற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒருவன் தயவில்லாமல் இன்னொருவன் பிள்ளை பிழைக்காது என்பதை எந்தச் சமதர்ம நூலைவிடவும் தட்டம்மை நன்றாய்ச் சொல்லிக்கொடுக்கிறது.

ஆகவே தாய்மார்கள் வீட்டிலிருக்கிற ஊசி அட்டையை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒன்பதாம் மாதத்து ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். ஒன்றரை வயதையொட்டி இரண்டாவது ஊசி உண்டு, அதையும் போட வேண்டும். தவறிப்போயிருந்தாலும் பின்னால் போடலாம். "நாள் கடந்துவிட்டது, இனிப் பயனில்லை" என்று சொல்லுவது பிசகு. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, நவமி என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் போடுகிறார்கள். அட்டை தொலைந்துபோயிருந்தால் அங்கேயே கேட்டால் புது அட்டை எழுதிக் கொடுப்பார்கள்.